சராசரி டாக்டர்

உலகத்தில் ஒரு வகை வைத்தியர் உண்டு. நீங்கள் முழங்கால் வலி என்று போவீர்கள். அவர் உங்கள் படுக்கையறைக்குள் வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வார்.

‘சராசரி டாக்டர்’ அந்த வகையில் முதல்தரம். அவருடைய மேசைக் கண்ணாடிக்கு அடியில் ஓர் அட்டவணை இருக்கும்: இந்த வயதுக்கு வாரத்தில் இத்தனை தடவை. அதற்கு மேலே போனால் ஒரு வியாதி, கீழே வந்தால் இன்னொரு வியாதி. ஆசை அதிகமா? வெள்ளை மாத்திரை. குறைவா? நீல மாத்திரை. ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண் என்று ஆசைப்பட்ட ஆளே அட்டவணைக்குப் பொருந்தவில்லையா? மூன்று ரத்தப் பரிசோதனை, ஒரு நிபுணர். “ஆளுக்கு ஆள் மாறுமே சார்?” என்று கேட்டால், “அறிவியலோட வாதாடாதீங்க” என்பார். அந்த அட்டவணை மாத்திரை கம்பெனிக்காரர் காலண்டரோடு கொடுத்துவிட்டுப் போனது என்பது வேறு விஷயம்.

ஒருநாள் ஒரு பஸ் டிரைவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு வந்தார். நாற்பத்தெட்டு வயது. கூடவே தையல் கடை வைத்திருக்கும் மனைவி.

“வாரத்துக்கு எத்தனை தடவை?”

“டூட்டியா சார்? ஆறு நாள்.”

டாக்டர் பேனாவால் அட்டவணையைத் தட்டிக் காட்டினார். டிரைவருக்குக் காது சிவந்தது.

“அது... கணக்கு வெச்சதில்ல சார். மாசத்துல ஒண்ணு, ரெண்டு...”

‘ஆசைக் குறைபாடு’ என்று எழுதினார் டாக்டர். முழங்காலை மறந்தே போனார்.

இருபத்திரண்டு வருஷமாக ஒரே தலையணையில் வாயாடி, வம்பளந்து, சிரித்துக்கொண்டே தூங்கிப்போன ஜோடி அது. அன்றிலிருந்து சிரிப்பு நின்றது. டிரைவர் மாத்திரை போட்டார், கடிகாரம் பார்த்தார், வியர்த்தார். கடைசியில் கூடத்தில் பாய் விரித்துத் தனியாகப் படுத்துக்கொண்டார். மனைவி கூப்பிட்டால், “என்மேலயே எனக்கு நம்பிக்கை போச்சு” என்று சுவரைப் பார்த்துச் சொன்னார்.

அடுத்த வாரம் அவள் தனியாக டாக்டரிடம் போனாள்.

“எங்களுக்குக் குறை இருக்குன்னு உங்ககிட்ட யாரு டாக்டர் புகார் சொன்னது?”

“நான் சொல்லலம்மா. சராசரி சொல்லுது.”

“சராசரி அளவுக்குச் சட்டை தைச்சா ஊர்ல ஒருத்தருக்கும் சேராது. நான் ஆளை அளந்து துணியை வெட்டறேன். நீங்க துணிக்கு ஏத்த மாதிரி ஆளை இல்ல வெட்டறீங்க!”

டாக்டர் புன்னகைத்தார். விவரம் தெரியாதவர்களுக்கென்று வைத்திருக்கும் புன்னகை. ‘கணவரின் நோயை ஏற்க மறுத்தல்’ என்று அவள் பேரிலும் ஒரு சீட்டு எழுதி நீட்டினார்.

அவள் அதை நாலாகக் கிழித்து அவர் மேசையிலேயே வைத்தாள். வீட்டுக்கு வந்து மாத்திரைகளைக் குப்பையில் கொட்டினாள். பாயைச் சுருட்டிப் பரணில் எறிந்தாள்.

“எனக்கு எண்ணிக்கை வேணாம். நீங்க வேணும். உள்ள வந்து படுங்க.”

டிரைவர் கொஞ்சம் அழுதார். பிறகு ஒரு வாரமாகக் கேட்காத அந்தப் பழைய சிரிப்பு வந்தது. “அப்போ முழங்காலுக்கு?” என்றார்.

“எலும்பு டாக்டரைப் பாக்கலாம். அவர் எலும்போட நிறுத்திப்பாரு.”

என்ன, டாக்டரை நினைத்து உச்சுக்கொட்டுகிறீர்களா? தாராளமாக. ஆனால் கல்யாணமாகி ஆறு மாதம்கூட ஆகாத பெண்ணை மாடிப்படியில் மறித்து, “ஏதாவது விசேஷம் உண்டா?” என்று கேட்டது யார்? தன்பாட்டுக்குத் தனியாக வாழும் சக ஊழியரைப் பார்த்து, “ஆளுக்கு ஏதோ கோளாறு” என்று கேன்டீனில் நோய் கண்டுபிடித்தது யார்?

அவரிடமாவது ஒரு பட்டம் இருக்கிறது. உங்களிடம்?