ஒரே பானையில் உண்போர்

திருகோணமலைத் துறைமுகத்துக்குக் கிட்ட ஒரு கிராம அலுவலர் பிரிவு இருக்கிறது. பெயரைச் சொன்னால் கோபித்துக்கொள்வார்கள், வேண்டாம். அதன் அலுவலர், ஊர் வாயில் ஜீ.எஸ்., தம்பிராசா பருத்தித்துறைக்காரர். மனைவி அன்னலட்சுமி அங்கே ஆசிரியை. இவர் இங்கே வாடகை அறையில், கடைச் சோற்றுப் பார்சலை நம்பிப் பல வருடமாக அரச சேவை ஆற்றிக்கொண்டிருந்தார். குடும்பத்தைப் பிரிந்து வாடுவதாகச் சொல்லி அவர் இடமாற்றம் கேட்காத வருடமே இல்லை.

ஒரு திங்கட்கிழமை அவர் முன்னால் சஞ்சீவனும் சுலோஜனாவும் வந்து நின்றார்கள். சஞ்சீவன் ஹட்டன் தோட்டத்துப் பிள்ளை. துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் வேலை கிடைத்திருந்தது. சுலோஜனா மட்டக்களப்பு, இங்கே ஆஸ்பத்திரியில் தாதி. வதிவிடச் சான்றிதழ் இல்லாவிட்டால் சஞ்சீவனுக்குத் துறைமுக வாசலில் பாஸ் கிடையாது. மாத முடிவுக்குள் பாஸ் எடுக்காவிட்டால் கிரேனில் வேறொருவன் ஏறிவிடுவான்.

"ரெண்டு பேருக்கும் ஒரே விலாசமோ?"

"ஆமாங்க."

"கலியாணம்?"

"இன்னும் இல்லீங்க."

தம்பிராசா பேனையை மூடி வைத்தார். "ஏன் இல்லை?"

"எங்கட ஊரில பொம்பிளைக்கு வீடு கட்டிக் குடுத்தாத்தான் கலியாணம்," என்றாள் சுலோஜனா. "அப்பா சுவர் எழுப்பிப்போட்டார். கூரை இன்னும் போடல்ல."

"எங்க பக்கம் பொண்ணுதாங்க மாப்பிள்ளை வீட்டுக்கு வரணும்," என்றான் சஞ்சீவன். "எங்க லயத்து ஒத்தை அறைக் காம்பராவுல இப்பவே காலை நீட்டிப் படுக்க எடமில்லீங்க."

ஆக, மட்டக்களப்பில் கூரை இல்லை, ஹட்டனில் இடம் இல்லை. ஆகையால் காதல் திருகோணமலையில் வாடகைக்கு இருந்தது.

"கவனியுங்கோ," என்றார் தம்பிராசா. "ஒரு வீட்டில ஒரு குடும்பம் இருக்கலாம். ரெண்டு குடும்பமும் இருக்கலாம். குடும்பமே இல்லாத ஒண்டு இருக்க ஏலாது."

"மறுகா, அப்ப நாங்க ஆர்?" என்றாள் சுலோஜனா.

"அதைத்தான் யோசிக்கிறன்."

யோசித்தார். குடிசன மதிப்பீட்டு வகுப்பில் சொல்லித்தந்தது நினைவுக்கு வந்தது: ஒரே பானையில் உண்போர் ஒரு குடும்பம். முகம் மலர்ந்தது.

"நீங்கள் வேற வேற பானையில சமைச்சால் ரெண்டு குடும்பம். பிறகு ஒரு கூரைக்குக் கீழ இருக்கிறதில பிழை இல்லை. ஆனா சேர்ந்து மட்டும் சாப்பிடப்படாது. அது ஒழுக்கக்கேடு."

"சேர்ந்து இருக்கலாம், சேர்ந்து சாப்பிடக்கூடாதாங்க?"

"ஓம். நாடு அப்பிடித்தான் ஒழுங்காய் நடக்குது."

மேற்படி பானைகள் வெவ்வேறானவை என்பதை நேரில் கண்டு, தேவையேற்படின் சுவைத்து உறுதிப்படுத்தும் பொருட்டு, மறுநாள் பகல் ஒரு மணிக்கு ஜீ.எஸ். விஜயம் செய்தார். நேரத்தைத் தெரிவு செய்தது முற்றிலும் நிர்வாகக் காரணங்களுக்காக.

சஞ்சீவனின் பானையில் எதுவும் இல்லை. ரொட்டியும் இடிச்ச சம்பலும் தட்டில் இருந்தன. சுலோஜனாவின் சட்டியில் இறால் பால்கறி இருந்தது. தம்பிராசா ஒரு கரண்டி எடுத்தார். கண்ணை மூடினார்.

"ஒரு நாள் பார்வை போதாது," என்றார்.

அடுத்த நாளும் வந்தார். அதற்கடுத்த நாள் முரல் மீன் தீயல். கடைக்காரனுக்குப் பார்சல் வேண்டாமென்று சொல்லிவிட்டார். பாவம் சஞ்சீவன், தன் காதலி சமைத்ததை இன்னொரு மனிதன் பிசைந்து சாப்பிட, எதிர்க் கதிரையில் இருந்து ரொட்டியை மென்றான். சான்றிதழ் பற்றிக் கேட்டால், "அவதானிப்பு நடந்துகொண்டிருக்கு" என்று பதில் வந்தது. நாள் ஓடியது. மாதம் முடிய இரண்டே நாள் இருந்தது.

பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற ஆசிரியை தங்கரத்தினம் கலாசாரத்தை வேலியில் நின்று காப்பவர். முதலில் இந்தச் சோடியைப் பற்றி ஜீ.எஸ்.ஸிடம் முறையிட்டவர், இப்போது ஜீ.எஸ்.ஸைப் பற்றி மேலிடத்துக்கு முறையிட்டார். உதவிப் பிரதேச செயலாளர் றஹ்மா நேரிலேயே வந்து இறங்கினார். அதுவும் ஒரு மணிக்கு. தம்பிராசாவின் விரல்களில் இறால் இருந்தது.

"ஜீ.எஸ்., இது என்ன?"

தம்பிராசா பானைத் தத்துவத்தை விளக்கினார். றஹ்மா பொறுமையாகக் கேட்டார்.

"நல்லது. இந்தச் சட்டியில சாப்பிடுறது ஆர்?"

"இந்தப் பிள்ளை, மேடம்."

"வேற?"

ஜீ.எஸ். கையைப் பின்னால் மறைத்தார். "ஐயாதாங்க," என்றான் சஞ்சீவன்.

"அப்ப இந்த வீட்டில ரெண்டு குடும்பம். ஒண்டு சஞ்சீவன், தனி ஆள். மற்றது நீங்களும் இந்தப் பிள்ளையும்."

"ஐயோ மேடம்! எனக்குப் பருத்தித்துறையில பெண்சாதி இருக்கு!"

"அவவோட ஒரே பானையில கடைசியா எப்ப சாப்பிட்டீங்க?"

தம்பிராசா இறால் விரல்களிலேயே மாதங்களை எண்ணினார். "பொங்கலுக்கு."

"நான் குடும்பத்தைக் கேட்டன், பண்டிகையை இல்ல."

வேலிக்கு அப்பால் சிரிப்புச் சத்தம் கேட்டது. றஹ்மா திரும்பினார். "ரீச்சர், உங்கட அவர் எங்க?"

"கனடாவில, மகனோட..." என்ற குரல் தேய்ந்தது. வேலியில் பிறகு ஆள் இல்லை.

"நீங்க, மிஸ்?" என்று சுலோஜனா மெதுவாகக் கேட்டாள்.

றஹ்மா சட்டியை மூடி வைத்தார். "எங்கட அவருக்கு அம்பாறைக் கச்சேரியில உத்தியோகம். மாசத்துக்கு ஒருக்கா வருவார்." பிறகு தம்பிராசா பக்கம் திரும்பினார். "சரி ஜீ.எஸ்., இந்தப் பிள்ளையிட குடும்பத்தில உங்கட பேரைப் போடட்டா, சஞ்சீவனிட பேரைப் போடட்டா?"

தம்பிராசா கைகூடக் கழுவவில்லை. இடது கையால் சஞ்சீவனின் சான்றிதழைப் பிடித்து, வலது கையால் ஒப்பமிட்டார். மஞ்சள் கறை படிந்த அந்தச் சான்றிதழைத் துறைமுக வாசலில் யாரும் குறை சொல்லவில்லை. அன்று பகல் சஞ்சீவன் முதல்தடவையாகச் சட்டப்படி இறால் சாப்பிட்டான். றஹ்மாவுக்கும் ஒரு கோப்பைச் சோறு போட்டார்கள், நிர்வாகம் மறுக்கவில்லை.

ஆனால் மேலிடம் எதையும் மறப்பதில்லை. சில வாரங்களில் பருத்தித்துறையிலிருந்து தொலைபேசி வந்தது.

"இஞ்சேருங்கோ, உங்கட இடமாற்றத்தை நிப்பாட்டிப்போட்டாங்களாம்," என்றார் அன்னலட்சுமி. "உங்களுக்கு அங்க ஒரு குடும்பம் இருக்கெண்டு முறைப்பாடாம். ஒரே பானையாம். உண்மையோ?"

"அது... ஒரு நிர்வாக விசயம், அன்னம்."

அன்னலட்சுமி விசாரணையை அத்தோடு முடித்துக்கொண்டார்.

"எனக்கும் தனிக்கச் சமைக்க மனமில்லை. கடையிலதான் எடுக்கிறன்," என்றார். "அந்தப் பிள்ளையட்டக் கேட்டுப் பாருங்கோ, எனக்கும் ஒரு பிடி போடுமோ எண்டு. அப்பவாவது நாங்கள் ரெண்டு பேரும் ஒரு குடும்பமாய் வருவம்."