மிஞ்சிய வளையம்

ஒரு முறை மிக்ஸியைப் பிரித்துப் பூட்டினேன். ஒரு திருகாணி மிஞ்சியது, மிக்ஸி ஓடியது. இன்னொரு முறை மின்விசிறியைப் பிரித்துப் பூட்டினேன். இரண்டு வாஷர் மிஞ்சின, விசிறி சுற்றியது. இப்படிச் சில வெற்றிகளுக்குப் பிறகு, தயாரிப்பாளர்கள் எல்லோருமே தேவைக்கு மேல் நாலு சாமான் போட்டுத்தான் அனுப்புகிறார்கள் என்ற முடிவுக்கு வந்திருந்தேன். என் மைத்துனனின் கல்யாணம் நடக்கும்வரை அந்த முடிவை மாற்றிக்கொள்ள எனக்குக் காரணம் எதுவும் இருக்கவில்லை.

வண்ணாரப்பேட்டையில் எனக்குக் குழாய்க் கடை. அப்பாவோடு கல்லாவில் உட்கார்ந்த காலத்தையும் சேர்த்தால் இருபது வருடம் குழாய் விற்றிருந்தேன். அத்தனை வருடம் குழாய் விற்றவனுக்கு உலகத்தில் உள்ள எல்லாமே குழாயாகத்தான் தெரியும். மனித உடம்பு, அரசாங்கம், கார் எல்லாம்.

கார் என் மனைவி ஸ்டெல்லாவின் தம்பி ஜெரால்டுடையது. குவைத்தில் வேலை பார்த்தவன் ஒரு விடுமுறையில் வந்து, யாரோ ஓட்டிச் சலித்த சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கி, திருவொற்றியூரில் எங்கள் வீட்டு காம்பவுண்டுக்குள் நிறுத்திவிட்டுப் போய்விட்டான். இரண்டே பேர் உட்காரலாம். தரையோடு தரையாக இருக்கும். அதில் ஏறும்போது, நாற்காலி என்று நினைத்துப் பாயில் உட்கார்ந்துவிட்டவன்போல ஒரு திகைப்பு வரும்.

கல்யாணத்தில் மண்டபம், புடவை, பிரியாணி எல்லாவற்றையும் இரண்டு வீட்டுப் பெரியவர்களும் முடிவு செய்துவிட்டார்கள். மணப்பெண் நான்சி கேட்டது ஒன்றே ஒன்று: ராயபுரத்து சர்ச்சிலிருந்து மண்டபத்துக்கு அந்தச் சிவப்புக் காரில் போக வேண்டும். ஜெரால்டு வாக்குக் கொடுத்திருந்தான். கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்னால் போன் செய்தான்.

“அத்தான், நான் முந்தின நாள்தான் வந்து இறங்குவேன். காரைக் கழுவி மட்டும் வைங்க. வேற ஒண்ணும் செய்யாண்டாம்.”

இதில் புரியாமல் போக என்ன இருக்கிறது? எனக்குப் புரிந்தது. ஆனால் அவனுக்குக் கல்யாணப் பரிசாக ‘கோல்டு ஏர் இன்டேக்’ ஒன்றை நான் ஏற்கெனவே வரவழைத்திருந்தேன்.

அது வேறொன்றுமில்லை. இன்ஜின் மூச்சு விடுவதற்கு ஒரு குழாய். கம்பெனி பூட்டிய குழாய், சூடான இன்ஜினுக்குப் பக்கத்திலேயே காற்றை உறிஞ்சும். இது கீழே பம்பருக்குப் பின்னால் போய், வெளியே உள்ள குளிர்ந்த காற்றைக் கொண்டுவரும். காற்று குளிரக் குளிர இன்ஜினுக்கு வேகம் கூடும் என்று மூன்று வாரம் இணையத்தில் படித்திருந்தேன். (திருவொற்றியூரில் குளிர்ந்த காற்று ஏடிஎம் அறைக்குள் மட்டும்தான் உண்டு என்பதை அந்த மூன்று வாரமும் நான் யோசிக்கவில்லை.)

வியாழக்கிழமை காலை பம்பரைக் கழற்றினேன். பழைய காற்றுப் பெட்டியைக் கழற்றினேன். பளபளவென்று ஒரு அலுமினியக் குழாய், அதன் நுனியில் கூம்பு மாதிரி ஒரு ஃபில்டர், இறுக்கிப் பிடிக்க நாலு கிளாம்ப். என் கடைச் சரக்குதான். விளக்கப் புத்தகத்தில் நாலு பக்கம் படம் பார்த்தேன். ஐந்தாம் பக்கத்திலிருந்து ஒரே எழுத்தாக இருந்ததால் மூடிவைத்தேன்.

பக்கத்துத் தெருவில் கன்டெய்னர் டிரெய்லர்களுக்கு மெக்கானிக் பஷீர் பாய். டீ கிளாசும் கையுமாக வந்து குனிந்து பார்த்தார்.

“இன்னா நைனா, வண்டி மூக்க ரோட்டுல வச்சிகீற?”

“கீழதான் பாய் காத்து ஜில்லுனு இருக்கும்.”

“தண்ணியும் அங்கதான் கீது.”

“பாய், குழாய் விஷயத்தை எங்கிட்ட விட்டுடுங்க.”

அவர் தரையில் கிடந்த ஒன்றை எடுத்தார். கையகலத்தில் ஒரு ரப்பர் வளையம், சுற்றிலும் பஞ்சு, ஓரத்தில் ஒரு கிளாம்ப். “இது இன்னாது?”

“பேக்கிங்.”

எங்கள் தொழிலில் இது சகஜம். குழாய் வரும்போது வாய் நசுங்காமலிருக்க நுனியில் ரப்பரும் பஞ்சும் சுற்றி வரும். தினம் காலையில் கடையைப் பெருக்கினால் ஒரு கூடை தேறும்.

“பேக்கிங்குக்கு எதுக்கு நைனா கிளாம்ப் போட்டுகீறான்?”

“வெளிநாட்டுக்காரன் பாய். எல்லாத்தையும் கொஞ்சம் சிறப்பாத்தான் செய்வான்.”

பாய் என்னைப் பார்த்தார். வளையத்தைப் பார்த்தார். மீதி டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். ஸ்டெல்லா அந்த வளையத்தைக் கழுவி, குடிதண்ணீர்ப் பானைக்குப் பிரிமணையாக வைத்துக்கொண்டாள். அளவெடுத்துச் செய்ததுபோல் பொருந்தியது.

வண்டியைக் கிளப்பினேன். புலி மாதிரி உறுமியது. நானும் கொஞ்சம் உறுமிக்கொண்டேன்.

சனிக்கிழமை கல்யாணம். ஜெரால்டும் வீட்டார் எல்லோரும் வேனில் முன்னால் போய்விட்டார்கள். பூவும் ரிப்பனும் கட்டிய காரில், கோட்டு சூட்டில் நான் மட்டும் கிளம்பினேன். முந்தின நாள் நல்ல மழை. மெயின் ரோட்டில் துறைமுகத்துக்குப் போகும் டிரெய்லர்கள் வரிசையாக நின்றுவிட்டதால் காசிமேட்டுக்குள் திரும்பினேன். அங்கே மழைத் தண்ணீரும் மீன் ஏற்றிய வண்டிகளிலிருந்து வழிந்த ஐஸ் தண்ணீரும் கலந்து ரோட்டில் முழங்கால் அளவு நின்றது. மற்ற வண்டிகள் போயின. நானும் போனேன்.

நடுத் தண்ணீரில் ‘டொக்’ என்று ஒரு சத்தம். வண்டி நின்றது.

தண்ணீர் குடித்த இன்ஜினை மறுபடி ஸ்டார்ட் செய்யவே கூடாதாம். எனக்குத் தெரியாது. நாலு முறை செய்தேன்.

மீன் கூடையோடு நின்ற ஒரு அம்மா கண்ணாடியில் தட்டினார். “இன்னா நைனா, கண்ணால வண்டியா?”

“ஆமாம்மா.”

“வண்டி குட்ச்சிட்டு பட்த்துகிச்சி. நீ குட்ச்சிகீறியா?”

நாலு பேர் இறங்கித் தள்ளினார்கள். ஐந்தாவதாக நானும், கோட்டோடு. பஷீர் பாய்க்கு போன் செய்தேன். அவர் கையில் அப்போது இருந்த ஒரே வண்டியில் வந்தார்: பின்னால் கன்டெய்னர் இல்லாத, வெறும் தலை மட்டும் உள்ள டிரெய்லர். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி இன்ஜினைச் சுழற்றினார். தண்ணீர் பீய்ச்சி அடித்தது. கூடவே ஒரு மீன் செதில். பாய் செதிலை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார்.

“உள்ள ராடு வளைஞ்சிட்ச்சி. இன்ஜின எறக்கணும்.”

“பாய், சர்ச்சுல கல்யாணப் பூசை முடிய அரை மணி நேரம்தான் இருக்கு.”

மீன்கார அம்மாதான் முடிவெடுத்தார். “பூவக் கயட்டி லாரில கட்டு நைனா. பூவுக்கு இன்னா தெரியப் போவுது?”

சர்ச் வாசலில் டிரெய்லர் போய் நின்றபோது ஜெரால்டு படிகளில் நின்றிருந்தான். பூவைப் பார்த்தான். அது கட்டியிருந்த இடத்தைப் பார்த்தான். என் கோட்டைப் பார்த்தான். “அத்தான், கார் எங்க?”

நான் வாயைத் திறப்பதற்குள் நான்சி முன்னால் வந்துவிட்டாள். எண்ணூர்ப் பெண். அப்பாவுக்கு அங்கே மூன்று டிரெய்லர் ஓடுகிறது. டிரெய்லரை மேலும் கீழும் பார்த்தாள். அவள் முகத்தில் ஏமாற்றம் வந்து நின்றதை நான் பார்த்தேன். அதை இன்றுவரை மறக்கவில்லை. பிறகு பெருமூச்சு ஒன்று விட்டுப் புடவையைத் தூக்கிச் செருகினாள்.

“ஸ்கூலுக்கே இதுலதான் போனேன். பாய், படில கிரீஸ் கீதா?”

“தொட்ச்சிட்டேம்மா.”

ஒரே எட்டில் ஏறிவிட்டாள். ஜெரால்டுக்குத்தான் ஏறத் தெரியவில்லை. மணப்பெண் கையைக் கொடுத்து மாப்பிள்ளையை மேலே இழுத்தாள். ஆல்பத்தின் முதல் பக்கத்தில் அந்தப் படம்தான் இருக்கிறது. ஓரத்தில் அரை கோட்டு தெரியும். அது நான்.

சாயங்காலம் எங்கள் வீட்டில் ஜெரால்டு விளக்கப் புத்தகத்தை எடுத்துப் படித்தான். ஏழாம் பக்கத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது: குழாயின் வாய் தண்ணீரில் முங்கினால், இன்ஜின் தண்ணீரை இழுக்காமல் இந்த வளையம் வழியாகக் காற்றை எடுத்துக்கொள்ளும், இதில்லாமல் பூட்டக் கூடாது. படத்தைப் பார்த்தான். எங்கேயோ பார்த்த சாமானாக இருக்கிறதே என்று சுற்றுமுற்றும் பார்த்தான். எழுந்து போய்ப் பானையைத் தூக்கினான்.

“கழுவத்தானே அத்தான் சொன்னேன்” என்றான்.

கழுவியிருந்தோம். வளையத்தை.

கார் இப்போது பழைய காற்றுப் பெட்டியோடு நன்றாக ஓடுகிறது. கழுவுவதற்குக்கூடச் சாவி என் கைக்கு வருவதில்லை. வளையம் இன்னும் பானைக்கு அடியில்தான். நான் ஸ்க்ரூடிரைவரைத் தொட்டால் போதும், வீட்டில் யாராவது ஒருவர் கேட்பார்கள்: “மிச்சம் எத்தன?”

போன மாதம் ஜெரால்டின் மகளுக்குப் புது சைக்கிள் வந்தது. பக்கச் சக்கரங்களை நான்தான் பூட்டினேன். புத்தகத்தைக் கடைசிப் பக்கம்வரை படித்து, கண்ணாடி போட்டுக்கொண்டு, ஒன்றரை மணி நேரம். முடித்ததும் எல்லோருக்கும் முன்னால் இரண்டு கையையும் விரித்துக் காட்டினேன். ஒன்றும் இல்லை. ஸ்டெல்லாகூடக் கை தட்டினாள்.

ஐந்து வயதுக் குழந்தை. அது நம்பவில்லை. “மாமா, குனி” என்றது. குனிந்தேன். என் சட்டைப் பைக்குள் கையை விட்டுத் துழாவியது.

ஒரு வாஷர் இருந்தது.