குளோரின் அக்காவும் என் கணவாயும்

ஓலைத்தொடுவாயில் கிருமிக்குப் பயந்தவர்கள் பலர். கிருமியே பயந்தது குளோரின் அக்காவுக்கு மட்டும்தான்.

விசேஷ வீடுகளுக்குக் கதிரை, சமையல் கிடாரம் வாடகைக்கு விடுவது அவர் தொழில். எல்லாவற்றையும் குளோரின் தண்ணீரில் கழுவுவார். பெயர் அப்படி வந்தது. சமையல்காரரின் கையை முகர்ந்து பார்ப்பார். சவர்க்காரம் மணக்காவிட்டால் கிடாரம் கிடையாது. ஒரு கல்யாண மாப்பிள்ளை சானிடைசர் போத்தலைக் காட்டினான்.

"உது வயித்துக் கிருமிக்குக் காணாது தம்பி. சவுக்காரம் போட்டுத் தேய்ச்சுக் கழுவும்!"

பட்டுவேட்டியோடு குழாயடிக்குப் போனான்.

எனக்கு அவரைப் பிடிக்காது. மீன் வாங்க வந்தால் என் தராசைத் துடைத்த பிறகுதான் பேசுவார்.

போன பாஸ்கா ஞாயிறு, ஈஸ்டர் அன்று, பாதித் தெரு சத்தி, வயிற்றோட்டம் என்று படுத்தது. முதல்நாள் கணவாய் மீன் விற்றவன் நான். விசாரணையே இல்லை, குற்றவாளி நான்தான். திங்கட்கிழமை என் மீன்பெட்டியை ஒரு நாய்கூட எட்டிப் பார்க்கவில்லை. இந்தச் சனத்துக்காகவா கடலுக்குப் போகிறேன் என்று பற்றிக்கொண்டு வந்தது.

அக்கா மட்டும் வீடு வீடாகப் போய், படுத்தவர்களை எழுப்பி விசாரித்தார். பிறகு என்னிடம் வந்தார்.

"டேய், நூர் நானா வீட்டில உன்ர கணவாயைத்தான் மூண்டு நேரமும் திண்டவை. ஒருத்தருக்கும் ஒண்டுமில்லை. கோழி மட்டும் திண்ட ரீச்சர் வீட்டில எல்லாரும் படுக்கை. ஏன்?"

"நான் என்ன டொக்டரோ?"

"நானா ஆக்கள் செய்யாததை ரீச்சர் ஆக்கள் என்ன செய்தவை?"

"நானா ஆக்கள் பள்ளிவாசல்காரர். ரீச்சர் ஆக்கள் கோயிலுக்குப் போனவை."

"போய்?"

பெரிய வெள்ளியன்று சிலுவையை முத்தி செய்தோம். ஒவ்வொருவர் முத்தமிட்டதும் கோயில் வேலை பார்க்கும் சங்கிலித்தாம் பக்தியோடு துடைத்தார். ஒரே துணியால். அவரையும் அக்கா விசாரித்திருந்தார். பெரிய வெள்ளிக்கு முதல்நாள்தான் அவருக்கு வயிற்றோட்டம் நின்றிருந்தது.

"நிண்டாலும் கொஞ்ச நாளைக்குக் கிருமி வெளிய வரும். அந்தாள் துடைக்கேல்லையடா, எல்லாருக்கும் பூசிவிட்டிருக்கிறார்!"

"அப்ப என்ர கணவாய் தப்பிட்டுது!"

"கணவாய் தப்பிட்டுது. கையைக் காட்டு."

கோயில் வாசலில் நின்று தெருவுக்கே விளக்கினார். எல்லோரும் தலையாட்டினார்கள். ஒருவரும் கணவாய் வாங்கவில்லை. மூளை நம்பினாலும் வயிறு நம்பவில்லை.

அடுத்த நாள் அக்கா சந்தி நடுவில் நின்று, ஊருக்கே கேட்கக் கத்தினார்: "ரெண்டு கிலோ கணவாய் போடடா!"

சனம் திரும்பி வரும்வரை தினமும் கத்தினார். வீட்டில் அவர் தனி ஆள். எங்கள் தெருப் பூனைகள் கொழுத்து நடக்க முடியாமல் கிடந்தன. நான் தினமும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவிவிட்டு, பெட்டியில் இருந்ததிலேயே நல்ல கணவாயாகப் பொறுக்கிப் போட்டேன்.