இருபத்து நான்காம் தேதி அப்பா யாருக்கு?

குவேக்கர்ஸ் ஹில்,
பொங்கலுக்கு மூன்றாம் நாள்

மதிப்பிற்குரிய செந்தில்நாதன் மாமாவுக்கு,

அக்ஷரா வணக்கத்துடன் எழுதுவது. முதலில் மன்னிக்க வேண்டும். கையில் போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று அத்தை கேட்பார்கள். போனில் நீங்கள் "சொல்லும்மா" என்றதுமே என் வாயில் "ஒண்ணுமில்ல மாமா, சும்மாதான்" என்று வந்துவிடுகிறது. போன வாரம் மட்டும் மூன்று முறை சும்மா கூப்பிட்டேன். கடிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது என்பதால் இந்த வழி. இங்கே எல்லோரும் நலம். அத்தையின் முழங்காலும் உங்கள் எலுமிச்சைச் செடியும் தேறியிருக்கும் என்று நம்புகிறேன்.

விஷயம் இதுதான். இந்த மாதம் இருபத்து நான்காம் தேதி, சனிக்கிழமை, அப்பா எனக்கு வேண்டும்.

அன்றைக்கு மெல்பனில் உங்கள் போக்கர் போட்டி என்று அப்பாவுக்கு விமான டிக்கெட்டே போட்டுவிட்டீர்கள். அப்பாவுக்குச் சீட்டில் ராஜா எது, ராணி எது என்பதற்கு மேல் தெரியாது. மூன்று வருடத்துக்கு முன் உங்கள் நாற்காலிக்குப் பின்னால், கயிற்றுக்கு அந்தப் பக்கம், உங்கள் கோட்டைக் கையில் வைத்துக்கொண்டு அவர் நின்ற அன்று நீங்கள் மூன்றாவதாக வந்தீர்கள். அன்றிலிருந்து அவர் உங்கள் ராசி. "மாப்ள, நீங்க ஒண்ணும் பண்ண வேணாம், சும்மா நின்னா போதும்" என்று கூப்பிடுவீர்கள். செவன் ஹில்ஸ் கிடங்கில் வாரம் முழுக்க நின்றுகொண்டே வேலை செய்கிறவர், சனிக்கிழமையும் நிற்பதற்காக விமானம் ஏறுவார்.

அவர் எனக்கும் ராசி, மாமா; பக்கத்து நாற்காலியில் அவர் இருந்தால்தான் எனக்கு எழுத வரும். நான் பேஸ்பாலில் ஸ்கோர் எழுதுகிறேன் என்பது உங்களுக்குத் தெரியும், அது என்ன வேலை என்று தெரியாது. மைதானத்துக்கு மேலே ஒரு கண்ணாடி அறை. பந்து காற்றில் போகும்போது மூவாயிரம் பேரும் ஒரே நேரத்தில் மூச்சை நிறுத்துவது அங்கே எனக்குக் கேட்கும். முதல் நாள் அதைக் கேட்டுவிட்டு எழுதவே மறந்துபோனேன். தடுக்கிற ஆள் பந்தை விட்டுவிட்டால், அது யாராலும் பிடிக்க முடியாத பந்தா, இல்லை அவர் பிழையா என்று தீர்ப்புச் சொல்ல வேண்டியவள் நான். நான் ஒரு பொத்தானை அமுக்கினால் பலகையில் வீடு உயரத்துக்கு 'எரர்' என்று எரியும். பேருந்தில் நிறுத்தம் தவறினால்கூட டிரைவரிடம் சொல்லக் கூச்சப்பட்டு அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நடந்து வருகிறவளிடம் அந்தப் பொத்தானைக் கொடுத்திருக்கிறார்கள். நம் குடும்பத்தில் முதல் பட்டதாரி, அதுவும் புள்ளியியல் என்றதும் நம்பிவிட்டார்கள்.

ஆனால் அட்டவணை போடுகிற மகராசன் யாரென்று தெரியவில்லை, அவரை மட்டும் நான் மனதுக்குள் திட்டுகிறேன், வெள்ளி மாலை என்று அறிவிப்பார்கள், அப்பா கெஞ்சிக் கூத்தாடி ஷிஃப்ட் மாற்றுவார், வியாழன் என்று மாறும், மறுபடி கெஞ்சுவார், வெயில் நாற்பதைத் தாண்டிவிட்டது என்று அதையும் தள்ளி ஞாயிறு ஒரே நாளில் இரண்டு ஆட்டம் என்பார்கள், சூப்பர்வைசர் "வாசு, உன் பொண்ணு ஆடுறாளா, எழுதுறாளா?"ன்னு கேட்டாராம், பொங்கலன்னைக்கே ஒரு ஆட்டத்தைப் போட்டாங்க, அம்மா விடியக்காலையிலேயே பானையை வச்சுப் பொங்கினதும் பொங்காததுமா டப்பாவுல போட்டுக் குடுத்தாங்க, நாங்க மைதானத்துக்குப் போய் டப்பாவைத் திறந்தா ஸ்பீக்கர்ல சொல்றான், நாளைக்குத் தள்ளி வச்சாச்சுன்னு. காலி மைதானத்துல உக்காந்து சர்க்கரைப் பொங்கல் சாப்பிட்டோம். புல்லுக்குத் தண்ணி விடுறவருக்கும் ஒரு கரண்டி குடுத்தோம். அவர் முந்திரியை மட்டும் பொறுக்கிச் சாப்பிட்டுட்டு "ப்யூட்டிஃபுல்"ன்னார்.

மறுநாள்தான் அது நடந்தது. எங்கள் அணியில் ஆறடி நாலு அங்குல உயரமான ஒரு பையன். பந்து நேராக அவன் கையுறைக்குள் போய், தானாக வெளியே வந்து விழுந்தது. நான் பொத்தானை அமுக்கினேன். எரர். அவன் கண்ணாடி அறையைப் பார்த்துக் கையை விரித்தான். பயிற்சியாளர் போனில், "டார்லிங், அதை அவன் தாத்தாவாலும் பிடிக்க முடியாது" என்றார். கீழே ஒரு கூட்டம் எழுந்து நின்று கத்தியது. அழித்துவிட்டேன் மாமா. பிடிக்க முடியாத பந்து என்று மாற்றி எழுதினேன். அப்படி எழுதினால் குற்றம் பந்து போட்டவர் கணக்கில் ஏறும். அவர் தொப்பியைக் கழற்றிவிட்டு என்னை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தார். கோபமே இல்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

தலைமை ஸ்கோரர் மாக்கிறேட் அன்ரி மன்னார்க்காரர். நாற்பது வருடமாக எழுதுகிறார், ரப்பரே வைத்துக்கொள்வதில்லை. "பிள்ளை, பிழை விடுறது அந்தப் பெடியன்ர வேலை. அதை எழுதுறது உன்ர வேலை. நீ ரெண்டையும் சேர்த்துச் செய்யிறாய். இன்னும் ஒரு ஆட்டம் தாறன். அதிலயும் அழிச்சியெண்டா நான் வேற ஆளைத்தான் பார்ப்பன்" என்றார். பயத்தில் நானும் "ஓம் அன்ரி" என்றேன். அந்த ஒரு ஆட்டம்தான் இருபத்து நான்கு.

உங்கள் மேல் எனக்குக் கோபம் என்று நினைக்க வேண்டாம். நவம்பரில் அப்பாவோடு நானும் வந்தேனே, அந்தப் பச்சைத் துணி மேசையை இன்னும் மறக்கவில்லை. உங்கள் கையில் இருந்தது இரண்டும் ஏழும், இருப்பதிலேயே மோசமான சீட்டு என்று பிறகு சொன்னீர்கள். ஆனால் உங்கள் முகம் ரேஷன் அட்டை போட்டோவில் இருப்பது போலவே இருந்தது. எதிரே கறுப்புக் கண்ணாடி போட்டவர் நான்கு நிமிடம் உங்களையே உற்றுப் பார்த்துவிட்டுப் பயந்துபோய்ச் சீட்டைக் கவிழ்த்து விலகினார். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அடுத்த ஆட்டத்தில் நல்ல சீட்டு வந்தும், எமகண்டம் என்று சொல்லி எழுந்து டீ குடிக்கப் போனீர்களே, அதுவும் ஒரு தைரியம்தான். இங்கே வென்ட்வேர்த்வில் தமிழ்க் கடை காலண்டரில் போட்ட நேரத்தை மெல்பன் கடிகாரத்தில் பார்ப்பதா, இந்திய நேரத்துக்கு மாற்றிப் பார்ப்பதா என்று அப்பாவும் நீங்களும் அரை மணி நேரம் வாதாடி, வம்பு வேண்டாம் என்று இரண்டு கணக்கிலும் சீட்டைத் தொடாமல் இருந்தீர்கள். நீங்கள் மேசையில் உட்கார்ந்ததைவிட டீக்கடையில் உட்கார்ந்ததுதான் அதிகம்.

ஆகவே மாமா, அந்த ஒரு சனிக்கிழமை மட்டும் அப்பாவை எனக்கு விட்டுக்கொடுங்கள். அத்தைக்கு என் அன்பு. உங்கள் பிள்ளை பிரசன்னா தேர்வில் நன்றாக எழுத வேண்டும் என்று வெள்ளிக்கிழமை விளக்கு வைக்கும்போது அம்மா தினமும் நினைத்துக்கொள்கிறார், வெள்ளிக்கிழமை தினமும் வராது என்றாலும். உங்கள் ஆசியை வேண்டும்,

அக்ஷரா

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில் மின்னஞ்சல் வந்தது. எங்கள் மைதானத்தில் புதுப் புல் நடப் போகிறார்களாம். இருபத்து நான்காம் தேதி ஆட்டத்தை மெல்பனுக்கு மாற்றிவிட்டார்கள். அங்கே ஸ்கோர் எழுத ஆளில்லாததால் நானே வர வேண்டுமாம். மாக்கிறேட் அன்ரி நேரலையில் பார்ப்பார். எனவே மேலே எழுதியதை எல்லாம் மறந்துவிடுங்கள். அப்பா டிக்கெட் அப்படியே இருக்கட்டும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், மாமா. எழுத எழுதத்தான் எனக்கே துணிச்சல் வருகிறது. பொங்கலுக்கு மறுநாள் எல்லோரும் கத்தியபோது அப்பா என் பக்கத்தில்தான் இருந்தார். கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து "சாரி, சாரி" என்று கும்பிட்டார். "பாவம்மா, சின்னப் பையன்" என்றார். அப்புறம்தான் அழித்தேன். நவம்பரில் அந்தக் கறுப்புக் கண்ணாடிக்காரர் முதலில் ஏமாந்தாரே தவிர, பிறகு உங்களைப் பார்க்கவே இல்லை. உங்களுக்குப் பின்னால் பார்த்தார். உங்களுக்கு ராஜாவோ ராணியோ வந்தால் அப்பா உங்கள் கோட்டை நெஞ்சோடு அணைத்துக்கொள்கிறார்.

அதனால் அவரை நாம் இருவருமே ராசியாக வைத்துக்கொள்ள வேண்டாம். இதுவரை ஒரு ஆட்டத்தைக்கூட அவர் நிம்மதியாகப் பார்த்ததில்லை. மேல் வரிசையில் உட்கார்ந்து வாய் வலிக்கக் கத்தட்டும். ஆட்டம் ஒன்றரை மணிக்கு. மெல்பன் கடிகாரப்படி சனிக்கிழமை எமகண்டம் ஒன்றரை முதல் மூன்று. இந்திய ராகு காலத்தை மாற்றிப் பார்த்தால் அங்கே இரண்டரை முதல் நான்கு. எந்தக் கணக்கிலும் நான்கு மணி வரை நீங்கள் சீட்டைத் தொட மாட்டீர்கள். உங்கள் போட்டியோ நான்கரைக்குத்தான். ஒன்றும் பேச வேண்டாம், எதையும் பார்க்கவும் வேண்டாம். நவம்பரில் இருந்த அதே முகத்தோடு, கண்ணாடி அறையில் என் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்வீர்களா, மாமா?