நான் ஏசாமல் இருந்த நாற்பது நாள்

இரண்டாம் டிவிஷன் லயம்,
கேமரன் மலை.
புதன்கிழமை.

ஈப்போவில் கடையும் குடும்பமுமாகச் சௌக்கியமாக இருக்கும் மரியாதைக்குரிய மச்சான் சுகுமாரன் அவர்களுக்கு, உங்கள் தங்கை பவளத்தின் புருஷன் சிங்காரம் கைகூப்பி எழுதிக்கொண்டது. இவ்விடம் முருகன் புண்ணியத்தில் நாங்கள் இருவரும் நலம். அவ்விடம் தாங்களும் எனக்குத் தங்கச்சி முறையான தங்கள் சம்சாரமும் பிள்ளைகளும் அதுபோலவே இருக்க வேண்டுகிறேன். நலம் என்று எழுதியது முறைக்காக. உள்ளபடி சொன்னால் உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசுதான் சரியில்லை.

கையில் போன் இருக்கும்போது இந்த மனுசன் எதற்குக் கடிதம் எழுதுகிறான் என்று யோசிப்பீர்கள். என்னால் போனில் பேச முடியாது மச்சான். என் சட்டைக் காலரில் ஒரு பொத்தானைக் குத்தி வைத்திருக்கிறார்கள். நான் மெதுவாகப் பேசினால் அதில் பச்சை விளக்கு எரியும், சற்று ஏறினால் மஞ்சள், எப்போதும் போலப் பேசினால் சிவப்பு. சிவப்பு எரிகிற ஒவ்வொரு தடவையும் ஆபீஸ் கம்ப்யூட்டருக்குத் தகவல் போய்விடுகிறது. போன வெள்ளி கோயிலில் அரோகரா சொன்னேன், சிவப்பு. தும்மினேன், அதற்கும் சிவப்பு. வீட்டிலாவது கழற்றி வைக்கலாம் என்றால் தூங்கும்போது மட்டும்தான் அனுமதி. இந்தப் பொத்தான் வந்த நாளிலிருந்து உங்கள் தங்கைக்குக் கொண்டாட்டம். கல்யாணமான புதிதில் நடந்த சண்டையை எல்லாம் ஒன்றொன்றாக எடுத்து நியாயம் கேட்கிறாள். நான் பதில் சொல்ல வாயைத் திறந்தால் என் முகத்தைப் பார்ப்பதில்லை, காலரைத்தான் பார்க்கிறாள்.

இதெல்லாம் எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு மேனேஜராக வந்த புது துரை வசந்தன் செய்த வேலை. நல்ல மனுசன்தான், குறை சொல்ல மாட்டேன், ஆனால் படித்தது ஜாஸ்தி. தோட்டத்தில் ஆள் நிற்க மாட்டேன் என்கிறான், வருகிறவனும் நேரத்துக்கு வருவதில்லை என்று சொல்லி கோலாலம்பூரிலிருந்து நளினி என்று ஓர் அம்மாவை வரவழைத்தார். அந்தம்மா படித்தது மனுசனுடைய நடத்தையைப் பற்றிய விஞ்ஞானமாம். ஒருவன் ஏன் லேட்டாக வருகிறான், ஏன் வேலையை விட்டுப் போகிறான், எல்லாவற்றுக்கும் அதில் காரணம் இருக்கிறதாம். வந்ததும் முதல் வேலையாக என் டிவிஷன் ஆட்கள் முப்பத்தொரு பேருக்கும் ஒரு பேப்பரைக் கொடுத்து, வேலை இடத்தில் உங்களுக்கு யாரைக் கண்டால் பயம் என்று கேட்டார்கள். பெயர் போட வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார்கள். இருபத்தொன்பது பேர் என் பெயரை எழுதினார்கள். மீதி ரெண்டு பேர் 'சிங்காரம் கங்காணியின் மோட்டார் சைக்கிள் சத்தம்' என்று எழுதினார்கள்.

துரை என்னைக் கூப்பிட்டு உட்கார வச்சு, காப்பி கொடுத்து, விஷயத்தைச் சொன்னாரு. நாப்பது நாள் எனக்குப் பயிற்சி. நாப்பது நாளும் யாரையும் ஏசக்கூடாது. ஒரு குறை சொல்லணும்னா அதுக்கு முன்னாடி மூணு நல்லது சொல்லணும். கடைசியில ஆளுங்க மறுபடியும் பேப்பர் எழுதி எனக்குப் பத்துக்கு எத்தனைன்னு மார்க் போடுவாங்க. சராசரி ஏழுக்குக் கீழ போனா காலையில பேர் கூப்பிடற பெரட்டு எனக்குக் கிடையாது. ஃபேக்டரி கேட்டுல நாற்காலி போட்டு உக்காந்து, வர்ற போற லோரி நம்பர் எழுதணும். சம்பளம் அதேதானாம், வீடும் அதேதானாம், கவலைப்படாதீங்கன்னாரு. அவருக்குப் புரியல மச்சான். முப்பத்திரண்டு வருஷமா விடியக்காலை ஆறு மணிக்குப் பெரட்டுக் களத்துல நின்னு ஒவ்வொரு ஆளா பேர் கூப்பிட்டு மலைக்கு அனுப்பினவன் நான். லோரி நம்பர் எழுதறதுக்கு சிங்காரம் எதுக்கு? எனக்கு அந்தக் களத்த விட்டா வேற ஒண்ணும் தெரியாது, இத உங்ககிட்ட சொல்ல எனக்கு வெக்கம் இல்ல.

முதல் நாளே ஆரம்பிச்சிடுச்சு. யாராவது நல்லா வேலை செஞ்சா உடனே, அந்த இடத்துலயே, மத்தவங்களுக்கும் தெரியற மாதிரி பாராட்டணுமாம். அதுக்கு நளினி அம்மா ஒரு வெங்கல மணி வாங்கிட்டு வந்தாங்க. ஒன்பதே முக்கால் இருக்கும், என் ஆளு கந்தன் அவன் செடி வரிசையை முதல் ஆளா முடிச்சுட்டான். அந்தம்மாவுக்கு சந்தோஷம் தாங்கல, எடுத்து ஆட்டிட்டாங்க. நம்ம தோட்டத்துல மணி அடிச்சா என்ன அர்த்தம்? வேலை முடிஞ்சிடுச்சுன்னு அர்த்தம். தாத்தா காலத்துலேருந்து அதுதான் பழக்கம். மேல் மலை, கீழ் மலை, அவ்வளவு பேரும் கொழுந்து வெட்டற மெஷினை நிறுத்திட்டு, சாக்கைத் தோள்ல போட்டுக்கிட்டு, அவங்கவங்க வீடு இருக்கற லயத்தைப் பாக்க இறங்கிட்டாங்க. முன்ன மாதிரி இருந்தா நான் ஒரு சத்தம் போட்டிருப்பேன், அத்தனை பேரும் நின்ன இடத்துல நின்னிருப்பாங்க. காலர்ல பொத்தான் இருக்கே. நான் ஓடி ஓடிப் போயி ஒவ்வொருத்தரா, தயவு செஞ்சு திரும்பி வாங்கன்னு காதுல சொல்லிட்டு வந்தேன். பாதிப் பேரு அதுக்குள்ள வீட்டுக்குப் போயி சோறு வடிக்க ஆரம்பிச்சிட்டாங்க.

சரி, மணி வேணாம், வாயால பாராட்டுங்கன்னாங்க. நானும் பெரட்டுல நின்னு தங்கம்மாளப் பாத்தேன். நம்ம தங்கம்மா உங்களுக்குத் தெரியும், பவளத்தோட சிநேகிதி, போன தீபாவளிக்கு உங்களுக்கு முறுக்கு குடுத்து விட்டாளே, அவதான். 'தங்கம்மா, இருபத்தாறு வருஷமா இந்தத் தோட்டத்துக்கு நல்லா உழைச்சிருக்கீங்க, உங்களுக்கு எங்க எல்லாருடைய நன்றியும்'னு சொன்னேன். ங்க போட்டு வேற சொன்னேன். அவ்வளவுதான், அவ முகம் வெளுத்துப் போச்சு. இந்தத் தோட்டத்துல கங்காணி அப்படிப் பேசறது ஒரே ஒரு நாள்தான், வேலை முடிச்சு ஆளை அனுப்பறப்ப மாலை போட்டு, சுவர்க் கடிகாரம் குடுக்கற அன்னைக்கு. அவ அழுதுகிட்டே வீட்டுக்குப் போயிட்டா. சாயந்திரம் அவ வீட்டுக்காரரு ரெண்டு பெரியவங்களோட எங்க வீட்டு வாசல்ல நின்னு, எங்களால என்ன தப்பு நடந்துச்சுன்னு கேக்குறாரு. ஒரு தப்பும் இல்ல, அவங்க நல்லா வேலை செய்றாங்கன்னு நான் சொல்லச் சொல்ல அவங்க பயம் கூடுதே ஒழிய குறையல. கடைசியில பவளம்தான் போயி அவளை சமாதானம் பண்ணிக் கூட்டியாந்தா.

அதுக்கப்புறம் யாரைப் பாராட்டினாலும் அந்த ஆளு மறுநாள் ஒளிய ஆரம்பிச்சிட்டான். இன்னொரு கூட்டம் வேற மாதிரி முடிவு பண்ணிடுச்சு. கங்காணி ஏசறதில்ல, அதனால கங்காணிக்குப் பெரிய சீக்கு, டாக்டர் நாள் குறிச்சிட்டாருன்னு. காலையில எந்திரிச்சுக் கதவைத் திறந்தா வாசல்ல பாகற்காய் ஜூஸு. என் பேர்ல மூணு அர்ச்சனை நடந்திருக்கு, குருக்களே என்கிட்ட வந்து உடம்ப பாத்துக்குங்கன்னு துக்கம் விசாரிக்கிறாரு. நான் கல்லுக்குண்டு மாதிரி நிக்கிறேன் லா, மச்சான். எவன் நம்பறான்?

இதெல்லாம்கூடப் பரவாயில்ல. போன திங்கக்கிழமை நடந்ததுதான் எனக்கு இன்னும் ஆறல. ராத்திரி பூரா மழை பேஞ்சு மலை வழுக்குது. கந்தனும் ஒரு நேப்பாளத்து ஆளும் மெஷினை ஆளுக்கு ஒரு பக்கம் பிடிச்சுக்கிட்டுக் கொழுந்து வெட்டறாங்க. கந்தன் பின்பக்கமா நடக்கறான். அவன் முதுகுக்குப் பின்னால ரெண்டடியில தண்ணி ஓடற லோங்காங் வாய்க்கால். நான் பாத்துட்டேன். பாத்த உடனே, டேய் கந்தான்னு ஒரு சத்தம் தொண்டை வரைக்கும் வந்துச்சு. முழுங்கிட்டேன். மூணு நல்லது சொல்லணுமே. கந்தன், உங்க சட்டை நல்லா இருக்குன்னேன். அவன் குனிஞ்சு சட்டையைப் பாத்துக்கிட்டே ஒரு அடி பின்னால வச்சான். நேத்து நேரத்தோட வந்தீங்க, சந்தோஷம்னேன். என்ன கங்காணின்னு காதைக் குடுத்துக்கிட்டே இன்னொரு அடி. மெஷினை நல்லா பிடிச்சிருக்கீங்கன்னு மூணாவதைச் சொல்லி முடிக்கறப்ப அங்க கந்தன் இல்ல. பின்னால லோங்காங் இருக்குங்கறதை நான் வெறும் செடிகிட்டதான் சொன்னேன். நல்லவேளை, இடுப்புல அடி, கால்ல சிராய்ப்பு, வேற ஒண்ணும் இல்ல. நேப்பாளத்து ஆளு மெஷினை விடாம பிடிச்சு நிறுத்திட்டான். சேத்துல உக்காந்துகிட்டு கந்தன் என்னை நிமிந்து பாத்து, "ஏன் கங்காணி கத்தல? என்மேல அவ்வளவு என்ன கோவம் உங்களுக்கு?"ன்னு கேட்டான்.

அவனைக் கை குடுத்துத் தூக்கி விட்டேன். சாயந்திரம் நளினி அம்மாகிட்ட போயி, பச்சை விளக்குலயே சொன்னேன். அம்மா, நான் ஏசினா அதுல விஷயம் இருக்கும். முட்டிக்குத் தைலம் போடாம மலையேறி வந்து நிக்கிறியேன்னு தங்கம்மாளை ஏசுவேன். மகனுக்குப் பரீட்சை, நீ என்ன இங்க ஓவர்டைம் பாக்குறன்னு திலகாவை ஏசுவேன். யாருக்கு என்ன ஏச்சுன்னு எனக்குத் தெரியும், அவங்களுக்கும் தெரியும். இந்த மூணு நல்லதுல யாரு என்னன்னே இல்லையேன்னேன். அந்தம்மா அதையும் எழுதிக்கிட்டாங்க. அவங்களுக்கு எல்லாத்தையும் எழுதிக்கற பழக்கம். பயிற்சியில கந்தன் விஷயத்தையும் சேத்தாச்சு, ஆபத்துன்னா கத்தலாம்னு இப்ப ஒரு புது விதி. ஒரு மனுசன் லோங்காங்குல விழுந்ததுக்கு அப்புறம்.

நேத்து கடைசிப் பேப்பர். ஆளுங்களை ஸ்டோருக்குள்ள விட்டு, என்னை வெளியில நிக்கச் சொல்லிட்டாங்க. தண்ணித் தொட்டி பக்கத்துல மழையில நின்னேன். உள்ள குசுகுசுன்னு பேச்சு, நடுவுல ஒரே சிரிப்பு. இருபது நிமிஷம் சிரிச்சாங்க மச்சான். முப்பத்திரண்டு வருஷம் ஏச்சு வாங்கினவங்க, பேர் போடாம மார்க் போடற நாள் வந்தா சிரிக்கத்தானே செய்வாங்க. எனக்கு அவங்க மேல கோவம் வரல. அழுகைதான் வந்துச்சு, மழையில யாருக்கும் தெரியல.

வெள்ளிக்கிழமை ரிசல்ட். எனக்கு இப்பவே தெரியும். அதனால உங்ககிட்ட ஒரு விண்ணப்பம். போன தீபாவளிக்கு, உடம்பு முடியாத காலத்துல மலையை விட்டு இறங்கி வந்து என் ஹார்ட்வேர் கடையைப் பாத்துக்குங்கன்னு சொன்னீங்க. நான் அன்னைக்குச் சிரிச்சேன். இன்னைக்குக் கேக்குறேன். அடுத்த மாசம் ஒண்ணாம் தேதி நான் வரத் தயார். அந்தக் களத்துல வேற ஆளு பேர் கூப்பிடறதை ஃபேக்டரி கேட்டுல உக்காந்து கேட்டுக்கிட்டிருக்க என்னால முடியாது.

தங்கள் பதிலை வழி பார்த்திருக்கிறேன். தங்கச்சிக்கு என் வணக்கத்தையும், பிள்ளைகளுக்கு மாமாவின் ஆசீர்வாதத்தையும் சொல்லவும். கடையும் குடும்பமும் மேன்மேலும் விளங்க மலைமேல் இருக்கும் முருகன் துணை நிற்பாராக.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள,
சி. சிங்காரம்

பி.கு.: ரெண்டு நாளா மழை, தானா ராத்தா டவுனுக்குப் போயி தபால்ல சேக்க முடியல. அதுக்குள்ள ரிசல்ட் வந்துடுச்சு. பத்துக்குப் பத்து. முப்பத்தொரு பேப்பர்லயும் பத்துக்குப் பத்து. துரை ஒவ்வொண்ணா எடுத்து மேசையில வைக்க வைக்க நானும் எட்டிப் பாத்தேன். எல்லாம் திலகா கையெழுத்து. 'எங்கள் கங்காணி யாரையும் ஏசியதே இல்லை, தங்கமானவர்'னு வரிக்கு வரி ஒரே எழுத்து. நேப்பாளத்து ஆளு பேப்பரும் சுத்தமான தமிழ்ல இருக்கு. லீவுல ஊருக்குப் போயிருக்கற ரெண்டு பேரும்கூட மார்க் போட்டிருக்காங்க. துரை தலையில கை வச்சுக்கிட்டு, இது செல்லாதேன்னாரு. நான் எந்திரிச்சேன், லோரி நோட்டுப் புஸ்தகம் எங்கன்னு கேக்கறதுக்கு. நளினி அம்மா என்னை உக்காரச் சொன்னாங்க. "பன்னிரண்டு கம்பெனி பார்த்துட்டேன் சார். மேலதிகாரியைக் காப்பாத்த எல்லாரும் ஒண்ணு சேர்ந்து பொய் எழுதினதை இங்கதான் பார்க்கிறேன். இதைவிட நல்ல பதில் எனக்கு எந்தக் கேள்விக்கும் கிடைக்காது"ன்னு துரைகிட்ட சொல்லிட்டு, அவங்க கையாலயே என் காலர்ல இருந்ததைக் கழட்டினாங்க.

இன்னைக்குக் காலையில பெரட்டுல நின்னேன். பொய் எழுதினதுக்கு அத்தனை பேரையும் உண்டு இல்லைன்னு ஆக்கணும்னு ராத்திரியே யோசிச்சு வச்சிருந்தேன். வாயைத் திறந்தா சத்தமே வரல மச்சான். எல்லாரும் தலையைக் குனிஞ்சுகிட்டு நிக்கிறாங்க. முன் வரிசையில இருந்து தங்கம்மாதான், "மழை வரப் போவுது கங்காணி, மரம் மாதிரி நின்னா ஆச்சா, பேரைக் கூப்பிடுங்க"ன்னு என்னை ஏசினா. கூப்பிட்டேன்.

ஆகவே கடை வேலை வேணாம், தப்பா நினைக்காதீங்க. ஆனா இப்ப புதுசா ஒரு தலைவலி. ஆளுங்க மனசைப் பிடிக்கறது எப்படின்னு அடுத்த மாசத்துலேருந்து மத்த மூணு டிவிஷன் கங்காணிகளுக்கும் நான் வகுப்பு எடுக்கணுமாம், துரை உத்தரவு. நான் என்ன செஞ்சேன்னு இந்த மலையில யாரைக் கேட்டாலும் சொல்லத் தெரியல. நீங்க நாலு ஆளு வச்சுக் கடை நடத்தறீங்க, உங்களுக்காவது தெரிஞ்சா உடனே எழுதுங்க.