மறைத்து வைத்த மோட்டாரும் இரண்டு பூட்டுகளும்

மாரெட்பள்ளி, செகந்திராபாத்
மே 2003

மதிப்பிற்குரிய ஆசிரியர் ஐயா அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் தங்கள் அலுவலகத்தாரும் நலமாக இருக்க வேண்டும். அம்மாவுக்கு இன்று மூச்சு பரவாயில்லை. அதனால் இன்றைக்கு நாங்களும் நலம்.

உலக நாடுகளின் ஆதரவு இல்லாமல் ஒரு நாடு இன்னொரு நாட்டின் மேல் படையெடுத்தால் அதன் பாதுகாப்பு கூடுமா என்று வாசகர்களைக் கேட்டிருந்தீர்கள். அம்மாவின் ஆஸ்துமாவுக்காக நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றுவிட்டேன். ஈராக் எங்கே இருக்கிறது என்று வரைபடத்தில் காட்டுவேன், அதற்கு மேல் தெரியாது. நாலு பேர் முன்னால் பேசவும் வராது. எங்கள் அடுக்குமாடியில் நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

என் அப்பா தண்டபாணி ராணுவத் தளவாட நிறுவனம் ஒன்றில் ஸ்டோர்ஸ் பிரிவில் இருக்கிறார். டிவியில் விடாமல் போர் பார்த்தார். "தன் வீட்டைக் காப்பாத்திக்க ஊரைக் கேட்டுக்கிட்டா இருப்பாங்க?" என்று டிவியிடமே சொல்லுவார். அந்தச் சமயத்தில் எங்கள் குழாயில் தண்ணீர் நூலாக வந்தது. எதிர்வீட்டு ராஜகோபால் அண்ணனுக்குக் கொண்டாப்பூரில் கம்ப்யூட்டர் வேலை. அவர் குழாயில் ரகசியமாக மோட்டார் வைத்து உறிஞ்சுகிறார் என்று அப்பா முடிவு செய்து, குடியிருப்போர் கூட்டத்தில் அவர் முன்னாலேயே, உள்ளே போய்ப் பார்க்க வேண்டும் என்று சத்தம் போட்டார். செயலாளர் நாராயணசாமி மாமா பிறந்து வளர்ந்ததே இந்த ஊரில்தான். "நக்கோ சார், வேணாம். கைக்கு இவ்ளோ ஜல்தி, ஏன் அவசரம்? தண்ணி ஆபீஸ் ஆளு வந்து பார்க்கட்டும்" என்றார். அப்பா பக்கம் ஒருவரும் கை தூக்கவில்லை. "எனக்கு யார் கையும் வேண்டாம்" என்று அப்பா எழுந்து வந்துவிட்டார்.

மறுநாள் அண்ணனும், நர்ஸாக இருக்கும் அவர் மனைவி லலிதா அக்காவும் வேலைக்குப் போனதும், அப்பா என்னை மாடிப்படியில் காவல் நிறுத்திவிட்டு அவர்கள் கதவின் தாழ்ப்பாளை ஸ்க்ரூடிரைவரால் கழற்றினார். அடுத்தவர் வீட்டுக்குள் செருப்போடு போகக் கூடாது என்பதால் வாசலில் செருப்பை ஜோடியாக விட்டுவிட்டுத்தான் உள்ளே போனார். படியிறங்கி வந்த நாராயணசாமி மாமா என்னைப் பார்த்தார், செருப்பைப் பார்த்தார். "தண்டபாணி சார், உள்ளே காபி ஆச்சா?" என்று கேட்டார். அப்பா வெறுங்கையோடு வெளியே வந்தார். மோட்டார் இல்லை. கதவு மரம் பிளந்துவிட்டதால் தாழ்ப்பாள் திரும்ப மாட்டவில்லை. திறந்த வீட்டை விட்டு வர முடியாமல், லீவு போட்டு, மாலைவரை அவர்கள் வாசலில் நாற்காலி போட்டு அப்பா காவல் இருந்தார், துணைக்கு நான். அன்று தண்ணீர் வந்தது. பிடிக்க ஆளில்லாமல், கட்டடத்திலேயே குடம் நிரம்பாத வீடு எங்களுடையதுதான்.

லலிதா அக்கா சண்டைக்கு வரவில்லை. இரும்புக் கிரில் வைத்து இரண்டு பூட்டுப் போட்டார். "பாத்தியா, பயம் வந்துடுச்சு. இனிமே நமக்குத் தொல்லை இல்லை" என்றார் அப்பா.

முன்பெல்லாம் அம்மா இருமினால் போதும், அக்கா கூப்பிடாமலே நெபுலைசர் மெஷினோடு வந்து நிற்பார். அடுத்த வாரம் ஒரு மதியம், அப்பா வேலையில் இருந்தபோது, அம்மாவுக்கு மூச்சு இழுத்தது. எதிர்வீட்டில் ரேடியோ பாடிக்கொண்டிருந்தது, அக்கா வரவில்லை. நான் போய்க் கிரில்லைத் தட்டினேன்.

"யாரு?"

"நான்தான்க்கா. அம்மா..."

ரேடியோ நின்றது. ஒரு பூட்டைத் திறந்தார். இரண்டாவதன் சாவியைக் காணவில்லை. அவர் உள்ளே பாத்திரங்களை உருட்டித் தேடினார். எங்கள் வீட்டில் அம்மாவின் உதடு நீலமாகிக்கொண்டிருந்தது. சாவி கிடைத்தது, அம்மா பிழைத்தார். மெஷினின் குழாயைச் சுருட்டியபடி, "உங்கப்பா வர்றதுக்குள்ள போயிடறேன்" என்று மட்டும் சொன்னார் அக்கா.

ஆகவே ஐயா, எங்கள் வீட்டுக்குப் பாதுகாப்பு கூடவில்லை. அந்த இரண்டாவது பூட்டுதான் அப்பா எங்களுக்குச் சம்பாதித்துக் கொடுத்த பாதுகாப்பு. நாடுகளுக்கும் இப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

தங்கள் வீட்டில் எல்லோருக்கும் மூச்சு தடையில்லாமல் ஓட வேண்டிக்கொள்ளும்,
த. தாரிணி

பி.கு.: பொய் எதுவும் எழுதிவிடக் கூடாதென்று இதை லலிதா அக்காவிடம் படிக்கக் கொடுத்தேன். 'மோட்டார் இல்லை' என்ற இடத்தில் நிறுத்திவிட்டார். "இருந்துச்சுடி. கூட்டத்துல உங்கப்பா கத்தினதும் இவரு அதைக் கோணிப்பையில கட்டி ஆபீஸுக்குத் தூக்கிட்டுப் போயிட்டாரு" என்றார். அப்பா சொன்னது சரிதான் ஐயா. அப்படியானால் மேலே எழுதியதெல்லாம் தப்பா என்று யோசித்துப் பார்த்தேன், தெரியவில்லை. இந்தக் கடிதத்தை அச்சிட வேண்டாம். அப்பா தங்கள் பத்திரிகையை ஒரு வரி விடாமல் படிப்பவர். மோட்டார் இருந்ததை அவரிடம் நான் சொல்லப் போவதில்லை. அக்கா இப்போது ஒரு பூட்டுதான் போடுகிறார்.