தாகம் அண்ணன்

வகுப்பின் இணைய விவாதப் பக்கத்தில் பதினைந்து நாளாக ஒரே ஒரு கேள்விதான் கிடந்தது: "சார், இது எக்ஸாமுக்கு வருமா?" அதற்கு மீதி ஐம்பத்தொன்பது பேரும் கட்டைவிரல் காட்டியிருந்தார்கள்.

"வகுப்பு நாலு சுவரோட முடிஞ்சிடக் கூடாதுய்யா," என்றார் துறைத்தலைவர். "வீட்டுலயும் பஸ்லயும் பசங்க போனைத் தொறந்து புள்ளியியல் பேசணும். மாசக் கடைசிக்குள்ள பக்கம் களைகட்டலேன்னா, உங்க வேலை நீட்டிப்புல நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

தற்காலிக விரிவுரையாளருக்கு ஏழு வருடமாக வேலை தற்காலிகமாகவும் பயம் நிரந்தரமாகவும் இருந்தது. அந்தப் பக்கத்தில் வெளியாட்களும் சேரலாம் என்பது விதி. அவரே வெளியாளாகச் சேர்ந்தார். பெயர் கேட்ட இடத்தில் 'தாகம்' என்று போட்டார்.

தாகம் கேள்வி கேட்டான். சார் பதில் சொன்னார். தாகம் நன்றி சொன்னான். மூன்றாம் நாள் துறைத்தலைவர் கூப்பிட்டார்.

"யாருய்யா இந்த ஜால்ரா? உங்களை எதிர்த்து ஒரு வார்த்தை பேச மாட்டேங்கிறான்?"

அன்று மாலையே, சார் போட்ட கணக்கில் தாகம் ஒரு தப்பைக் கண்டுபிடித்தான். அந்தத் தப்பைப் பொருத்தமாகச் செய்யத்தான் சாருக்கு ஒரு மணி நேரம் பிடித்தது.

பக்கம் களைகட்டிவிட்டது. படிப்புக்கு வராத பிள்ளைகள் சண்டைக்கு வந்தார்கள்.

"தாகம் அண்ணே, சார் நடத்துனது ஒரு மண்ணும் புரியல. நீங்க சொல்லுங்க."

அண்ணன் சொன்னான். காலையில் வகுப்பில் சொன்ன அதே வரிகள், வார்த்தை மாறாமல்.

"இப்பத்தாண்ணே புரியுது! அந்த ஆளுக்கு எவன் வேலை குடுத்தான்?"

தோள்வழியே எட்டிப் பார்த்த மனைவி கேட்டாள்: "உங்களைத் திட்டுறவனுக்கு நீங்களே லைக் போடுறீங்களே, வெக்கமா இல்ல?"

"தாகம் போடலேன்னா சந்தேகம் வரும்டி."

சந்தேகம் வரவில்லை. விழா வந்தது.

"துணைவேந்தரே பரிசு குடுக்கிறார்," என்றார் துறைத்தலைவர். "வெளியில இருந்து ஒருத்தன் படிக்கிறான், படிச்சதைச் சொல்லியும் குடுக்கிறான்! அந்தப் பையனை எப்படியாவது மேடைக்கு இழுத்துட்டு வாங்க."

சார் உட்கார்ந்து தாகத்தின் பெயரில் ஒரு கடிதம் எழுதினார்:

"ஐயா, நேரில் வர இயலாத நிலை. பரிசு வேண்டாம், பணமும் வேண்டாம். இந்தப் பிள்ளைகளுக்கு இங்கிருந்தே பாடம் சொல்லிக்கொண்டிருந்தால் எனக்கு அதுவே போதும்."

படித்துப் பார்த்தபோது அவருக்கே கண் கலங்கியது. ஏழு வருடமாகத் தனக்காக எழுதிய எந்த விண்ணப்பமும் இவ்வளவு உருக்கமாக வந்ததில்லை.

விழா ரத்தானது. மாசக் கடைசியில் பக்கத்தில் தொள்ளாயிரம் கேள்விகள். சார் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அலுவலக உதவியாளர் ஓர் உறையோடு வந்தார்.

"நீட்டிப்பு ஆணையாப்பா?" என்று கை நீட்டினார் சார்.

"இது தாகம்னு ஒருத்தருக்கு சார். அவர் விலாசம் உங்களுக்குத்தான் தெரியும், நீங்களே அனுப்பிடுங்கன்னாரு துறைத்தலைவரு."

"அவனுக்கு என்ன ஆணை?"

"அடுத்த பருவத்துக்கு உங்க இடத்துல அவரைத்தான் போட்டிருக்காங்க. சம்பளமே வேண்டாம்னு எழுதிக் குடுத்து, உங்களுக்கே தண்ணி காட்டிட்டாரு சார்!"